விட்ட பந்துக்கும் விலை உண்டு: பேஸ்பால் பேட்டரின் கண்ணைப் பற்றி ஓர் எளிய விளக்கம்

இரண்டு பேட்டர்களை எடுத்துக்கொள்வோம். ஒருவர் ஹாவியர் பயேஸ். 2018இல் சிகாகோ கப்ஸ் அணிக்காக ஆடியபோது அவருடைய பேட்டிங் சராசரி (பந்தை அடித்துப் பலன் கண்ட விகிதம்) .290. மற்றவர் ஹுவான் சோட்டோ. 2022இல் பருவத்தின் நடுவே வாஷிங்டன் நேஷனல்ஸ் அணியிலிருந்து சான் டியாகோ பாட்ரேஸ் அணிக்கு மாற்றப்பட்டார். அந்த ஆண்டு அவர் சராசரி .242. கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு இதில் யோசிக்க ஒன்றுமில்லை. கூடுதல் சராசரி உள்ளவரைக் கையைக் காட்டிவிட்டுப் போவோம்.

இப்போது வேறொரு கணக்கு. ஒவ்வொரு முறை பேட்டைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றபோதும், அவுட் ஆகாமல் பேஸில் (ஓட்டம் எடுக்க வரிசையாகத் தொட வேண்டிய இடங்களில் ஒன்று) போய் நின்றது எத்தனை முறை? பயேஸுக்கு அந்த விகிதம் .326. சோட்டோவுக்கு .401. அறுநூறு வாய்ப்புக்கு என்று வைத்தால் பயேஸ் ஏறக்குறைய 196 முறை பேஸை எட்டுவார், சோட்டோ 241 முறை. வித்தியாசம் 45. பேஸ்பாலில் ஓர் அணிக்கு ஓர் ஆட்டத்தில் கிடைப்பது 27 அவுட்தான். அப்படியானால் ஒன்றரை ஆட்டத்துக்கும் மேற்பட்ட அவுட்களை ஒரே ஆள் மிச்சப்படுத்தித் தந்திருக்கிறார், அதுவும் ‘மோசமான’ சராசரியை வைத்துக்கொண்டு.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: 2018 பயேஸுக்கு மிகச் சிறந்த ஆண்டு. 34 ஹோம் ரன் (கிரிக்கெட்டின் சிக்ஸர் போன்றது) அடித்தார், அமெரிக்கப் பெரிய லீக்கின் இரண்டு பிரிவுகளில் ஒன்றான நேஷனல் லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதுக்கான வாக்கெடுப்பில் இரண்டாம் இடம் வந்தார். அவரைக் குறைத்துப் பேச இந்த ஒப்பீடு வரவில்லை. அந்த 45 எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி. ‘வாக்’ எண்ணிக்கையைப் பாருங்கள். பயேஸ் 29, சோட்டோ 135.

வாக் என்றால் என்னவென்று மலேசியாவில் பலருக்குச் சொல்ல வேண்டியதில்லை. பேஸ்பால் இங்கே சிறிய விளையாட்டு. ஆனால் அதே வகை விளையாட்டான சாஃப்ட்பால் நம் இடைநிலைப் பள்ளித் திடல்களில் பல ஆண்டுகளாக ஆடப்படுகிறது. அதை ஆடியவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிப் போகலாம்.

பேட்டரின் முன்னால் ஐந்து மூலை கொண்ட ஹோம் பிளேட் இருக்கும். அதன் அகலம் 17 அங்குலம், அதாவது 43 சென்டிமீட்டர். அந்த அகலத்தை அப்படியே மேலே எழுப்புங்கள்: முழங்கால் சில்லுக்குக் கீழே உள்ள குழி அடிக்கோடு, தோளுக்கும் இடுப்புக்கும் நடுப்பகுதி மேற்கோடு. கண்ணுக்குத் தெரியாத இந்தப் பெட்டிதான் ஸ்ட்ரைக் கட்டம். பந்து இதற்குள் வந்து பேட்டர் விட்டுவிட்டால் ஸ்ட்ரைக். வெளியே போய் பேட்டர் விட்டுவிட்டால் அது ‘பால்’. பேட்டை வீசித் தவறவிட்டால், பந்து எங்கே போனாலும் ஸ்ட்ரைக். பந்து பேட்டில் பட்டு ஆடுகளக் கோட்டுக்கு வெளியே போனாலும் ஸ்ட்ரைக்தான். ஆனால் மூன்றாவது ஸ்ட்ரைக்காகப் பொதுவாக அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. மூன்று ஸ்ட்ரைக் என்றால் அவுட். நான்கு பால் என்றால் முதல் பேஸ் இலவசம், நடந்தே போகலாம். இதுதான் வாக்.

இந்த விதிகளில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. கட்டத்துக்கு வெளியே போகும் பந்து இயல்பாகவே பேட்டரின் பக்கம் சேர வேண்டிய புள்ளி. நடுவர் தவறு செய்யாதவரை, அதை எதிராளிக்குத் தூக்கிக் கொடுக்கக்கூடியவர் பேட்டர் ஒருவர் மட்டுமே. பேட்டை வீசினால் முடிந்தது. பந்து வீசும் பிட்சர்களும் இதைத்தான் எதிர்பார்க்கிறார்கள். நல்ல பந்து போல் தோன்றிக் கடைசி நேரத்தில் விலகிப் போகும் ஸ்லைடர், வேகம் குறைந்து தாழ்ந்து விழும் சேஞ்ச்-அப் எல்லாம் வலைவிரிப்புதான். அந்த வலையில் ஒரு பேட்டர் எத்தனை முறை விழுகிறார் என்பதை அமெரிக்கர்கள் தனியாக எண்ணி வைக்கிறார்கள். பெரிய லீக்கில் ஒரு சராசரி பேட்டர் கட்டத்துக்கு வெளியே போகும் நூறு பந்துகளில் சுமார் 28க்குப் பேட்டை வீசுகிறார். சோட்டோ போன்றவர்கள் இருபதுக்கும் கீழே.

கிரிக்கெட்டிலும் பந்தை விடுவது ஒரு கலை. ராகுல் டிராவிட் ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே விட்ட பந்துகளைப் பற்றி நம் மாமாக்கள் இன்னும் பேசுகிறார்கள். ஆனால் டி20 வந்தபின் விட்ட பந்து வீண் பந்தாகிவிட்டது. 2025 பிப்ரவரியில் பாயுமாஸ் ஓவலில் நடந்த 19 வயதுக்குட்பட்ட மகளிர் உலகக் கிண்ண இறுதியாட்டத்தைப் பார்த்தவர்களுக்கு (இந்தியா வென்றது) இது தெரியும்: ஒரு பந்தில் ஓட்டம் வராவிட்டால் திடலே பெருமூச்சு விடும். காரணம் எளிது. டி20இல் 120 பந்துதான் உண்டு, விக்கெட் பத்து இருக்கிறது. பேஸ்பாலில் கணக்கு தலைகீழ். பந்துக்கு எல்லையே இல்லை, அவுட்டுக்குத்தான் பஞ்சம். ஒரு பேட்டர் பன்னிரண்டு பந்து பார்த்துவிட்டு வாக் வாங்கினால் அவர் அணி எதையும் இழக்கவில்லை. பிட்சரின் தோள்தான் களைத்துப் போயிருக்கும்.

அப்படியிருந்தும் பேஸ்பால் உலகமே நூறு ஆண்டுகளுக்கு மேல் சராசரியை மட்டும் கட்டிக்கொண்டு அழுததற்கு யார் காரணம்? ஒரு வகையில் கிரிக்கெட்தான். ஹென்றி சாட்விக் என்ற பத்திரிகையாளர் இங்கிலாந்தில் பிறந்து சிறுவயதில் அமெரிக்கா போனவர். கிரிக்கெட் செய்தி எழுதிப் பழகியவர். பேஸ்பாலுக்குப் புள்ளிவிவரம் எழுதும் முறையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வகுத்தவர்களில் முதன்மையானவர். அவர் பார்வையில் வாக் என்பது பிட்சரின் தவறு. பேட்டருக்கு அதில் பெருமை இல்லை. 1887இல் மட்டும் ஒரு வருடத்துக்கு வாக்கையும் ‘ஹிட்’டாக (அடித்து பேஸை எட்டியதாக) எண்ணிப் பார்த்தார்கள். சராசரிகள் எகிறின, அடுத்த ஆண்டே கைவிட்டார்கள். அன்றிலிருந்து சராசரிக் கணக்கில் வாக் நல்லதாகவும் சேராது, கெட்டதாகவும் சேராது. நடக்கவே இல்லை என்பது போல் விட்டுவிடுவார்கள்.

ஒரு கற்பனைக் கணக்கு போட்டால் விளங்கும். பத்து முறை வந்து நிற்கிறீர்கள். இரண்டு ஹிட், இரண்டு வாக், ஆறு அவுட். சராசரி கணக்கிடும்போது அந்த இரண்டு வாக்கையும் தள்ளிவிட்டு, எட்டில் இரண்டு என்று .250 போடுவார்கள். பேஸ் எட்டும் விகிதம் பத்தில் நான்கு: .400. (பந்து உடம்பில் பட்டு பேஸுக்குப் போவதும் இதில் நல்ல பக்கம் சேரும். ‘சாக்ரிஃபைஸ் ஃப்ளை’ என்ற ஒரு வகை அவுட் கீழ்ப்பக்கம் சேரும். தொடக்கத்தில் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.) இந்த விகிதத்தை 1950களிலேயே புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியின் புள்ளிவிவரக்காரர் ஆலன் ராத் போன்றவர்கள் வலியுறுத்தினார்கள். அதிகாரபூர்வப் புள்ளிவிவரமாக அது சேர்ந்தது 1984இல்தான். 2002இல் ஓக்லண்ட் அத்லெட்டிக்ஸ் பணக்கார அணிகள் செலவழித்ததில் ஒரு பங்கை மட்டும் வைத்துக்கொண்டு, வாக் வாங்கத் தெரிந்தவர்களை மலிவாகச் சேர்த்து, 103 ஆட்டங்களில் வென்றது. அதற்குப் பிறகு அந்த மலிவு விலை யாருக்கும் கிடைக்கவில்லை.

விலை எவ்வளவு ஏறியது என்பதற்கு சோட்டோவே சாட்சி. 2024 டிசம்பரில் நியூயார்க் மெட்ஸ் அவரோடு போட்ட ஒப்பந்தம் 15 ஆண்டுக்கு 765 மில்லியன் டாலர். நம் பணத்தில் அன்று மூன்று பில்லியன் ரிங்கிட்டைத் தாண்டியது. செந்தூலில் படிவம் இரண்டு படிக்கும் என் அக்கா மகன் இதைக் கேட்டதும், “நாலு பால் பார்த்துட்டு நடந்து போறதுக்கா மாமா இவ்ளோ காசு?” என்றான். அவன் சாஃப்ட்பால் ஆடுகிறவன், ஆகவே கேள்வியில் உள்குத்து இருந்தது: சும்மா நிற்பது யாருக்கும் வரும்தானே?

வராது. பிட்சர் நிற்கும் இடத்துக்கும் ஹோம் பிளேட்டுக்கும் இடையே 18.44 மீட்டர். மணிக்கு 150 கிலோமீட்டருக்கு மேல் வரும் பந்து அந்தத் தூரத்தை ஏறக்குறைய 0.4 விநாடியில் கடக்கும். பேட்டை வீசி முடிக்கவே சுமார் 0.15 விநாடி போய்விடும். மிச்சமிருக்கும் கால் விநாடிக்குள் பந்து பிட்சரின் விரலை விட்டுப் புறப்பட்டதைக் கண் பிடிக்க வேண்டும், அது என்ன வகைப் பந்து, எங்கே போய் முடியும் என்று மூளை கணிக்க வேண்டும், கைக்குக் கட்டளை போக வேண்டும். பந்து பாதி வழி வருவதற்குள் முடிவு எடுத்தாக வேண்டும் என்பது இதன் பொருள். விலகிப் போகும் ஸ்லைடர் அந்தப் பாதி வழியில் இன்னும் கண்ணுக்குத் தெரியும்படி விலகியிருக்காது! கண்ணால் பார்த்துவிட்டு முடிவெடுப்பது என்று நாம் நினைக்கும் விஷயத்தில் பாதி முன்கூட்டியே எடுத்த முடிவு.

இதைத் தெளிவாகச் சொன்னவர் பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியின் டெட் வில்லியம்ஸ். ஸ்ட்ரைக் கட்டத்தை அவர் 77 பந்துகளாகப் பிரித்தார்: அகலத்துக்கு ஏழு, உயரத்துக்குப் பதினொன்று. ஒவ்வொரு இடத்துக்கும் பந்து வந்தால் தன்னால் என்ன சராசரியில் அடிக்க முடியும் என்று எண் எழுதினார். நடுவில் பிடித்தமான இடத்தில் .400. வெளிப்புறக் கீழ் மூலையில் .230. அந்த மூலையும் ஸ்ட்ரைக் கட்டத்துக்குள்தான் இருக்கிறது; ஆனாலும் இரண்டு ஸ்ட்ரைக் விழுந்து வேறு வழியில்லை என்ற நிலை வரும்வரை அங்கே வரும் பந்தைத் துரத்திப் பலனில்லை என்பது அவர் கட்சி. கட்டத்துக்குள் வருவதெல்லாம் அடிக்க வேண்டிய பந்து என்று நினைத்திருப்போம். இல்லை. ஸ்ட்ரைக் கட்டம் நடுவருடையது. அதற்குள் இன்னும் சிறிதாக, பேட்டர் தனக்கென்று வரைந்துகொண்ட கட்டம் ஒன்று இருக்கிறது. 1941இல் வில்லியம்ஸின் சராசரி .406, பேஸ் எட்டும் விகிதம் .553. ஆட்டவாழ்க்கை முழுவதற்கும் அவர் விகிதமான .482ஐ இன்றுவரை யாரும் தாண்டவில்லை.

இங்கேதான் வாக்கும் ஹோம் ரன்னும் ஒரே வேரிலிருந்து வருவது தெரியும். ஒரு பேட்டர் வெளியே போவதைத் துரத்த மாட்டார் என்று பிட்சருக்குத் தெரிந்துவிட்டால், மூன்று பால் ஒரு ஸ்ட்ரைக் என்ற நிலையில் பிட்சர் என்ன செய்வார்? இன்னொன்று வெளியே போட்டால் இலவச பேஸ். உள்ளேதான் வர வேண்டும், அதுவும் தனக்குக் கட்டுப்பாடு அதிகமுள்ள நேர்வேகப் பந்தோடு. பேட்டர் அதற்காகவே காத்திருக்கிறார். மாறாக, முதல் இரண்டு பந்தையும் துரத்தி இரண்டு ஸ்ட்ரைக் வாங்கிவிட்டவருக்கு பிட்சர் நல்ல பந்து தரவேண்டிய அவசியமே இல்லை. 2018 மே மாதம் பெரிய லீக்கில் கால் வைத்தபோது சோட்டோவுக்கு வயது 19. அந்தப் பருவத்தில் 116 ஆட்டத்தில் 79 வாக், 22 ஹோம் ரன், பேஸ் எட்டும் விகிதம் .406. இரண்டும் சேர்ந்தே வந்தன. 2021இல் 145 வாக். மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட் ஆனது 93 முறை. பெரிய லீக்கில் பெரும்பாலானோருக்கு இந்த இரண்டு எண்களும் இடம் மாறியிருக்கும், அதுவும் பெரிய இடைவெளியில்.

அவர் பந்தை விடும் விதமும் பார்க்க வேடிக்கையாக இருக்கும். விட்ட கையோடு கால்களை அகட்டி மண்ணில் தேய்த்து, பிட்சரை முறைத்து, சில சமயம் தலையும் ஆட்டுவார். எதிரணி ரசிகர்களுக்குப் பற்றிக்கொண்டு வரும். எனக்குப் பிடிக்கும், அடிக்காத பந்தைக் கொண்டாடும் ஒரே பேட்டர்.

சோட்டோ வந்த ஊரை நினைத்தால் இது இன்னும் ஆச்சரியம். டொமினிக்கன் குடியரசில் பதின்ம வயதுப் பையன்களைப் பார்த்து எடுக்க அமெரிக்க அணிகளின் ஆட்கள் வருவார்கள். தூரமாக அடித்தால்தான் கண்ணில் படும். வாக் வாங்கி யாரும் இந்தத் தீவை விட்டுப் போனதில்லை என்று அங்கே ஒரு பேச்சே உண்டு. அந்தச் சூழல் தந்த உச்சம் விளாடிமிர் கெரேரோ. கட்டத்துக்கு வெளியே, காலடியில், தலைக்கு மேலே என்று எங்கே வந்தாலும் அடிப்பார்; தரையில் பட்டு எழும்பிய பந்தையும் ஹிட் ஆக்கியிருக்கிறார். 449 ஹோம் ரன், .318 சராசரி, 2018இல் புகழ் மண்டபத்தில் இடம். ஆக, பந்தைப் பொறுக்கும் கண் இல்லாமலும் பெரிய ஆட்டக்காரர் ஆகலாம், கை அப்படிப்பட்டதாக இருந்தால். அந்தக் கை கோடியில் ஒருவருக்குத்தான். பெயரையும் அப்பாவிடமிருந்தே வாங்கிய அவர் மகன் இளைய கெரேரோவோ பந்தைப் பொறுக்கி எடுப்பவர். 22 வயதில், 2021இல், 48 ஹோம் ரன்னோடு பேஸ் எட்டும் விகிதம் .401. தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை என்பது இந்த வீட்டில் செல்லவில்லை.

பயேஸுக்கும் கை இருந்தது. வயது முப்பதை எட்டி, கையின் வேகம் கொஞ்சம் குறைந்ததும், துரத்திய பந்துகள் கணக்குக் கேட்டன. டெட்ராய்ட் டைகர்ஸ் அணியில் 2023இல் அவர் பேஸ் எட்டிய விகிதம் .267.

சரி, ஓர் இளம் பேட்டரிடம் கண் இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில் எல்லாரும் பார்ப்பது வாக் எண்ணிக்கையை. அங்கேதான் ஏமாறவும் செய்வோம். கீழ்நிலை லீக்குகளில் பிட்சர்களுக்கே கட்டுப்பாடு குறைவு. பேட்டைத் தோளில் சாய்த்துக்கொண்டு மரம் போல் நின்றாலே நான்கு பால் வந்துவிடும். பள்ளி சாஃப்ட்பாலில் இது இன்னும் மோசம். ‘வாக்கும் ஹிட்டும் ஒன்றுதான்’ என்று சொல்லிச் சொல்லி, பையன்களை அசையவே விடாத பயிற்றுநர்கள் உண்டு. அந்தப் பையன் அடுத்த நிலைக்குப் போகிறான். அங்கே பிட்சர் முதல் பந்தையே நடுவில் போடுகிறார், இரண்டாவதையும் போடுகிறார், ஆட்டம் முடிந்தது. (சொல்லப்போனால் வாக்கும் ஹிட்டும் ஒன்றல்ல: இரண்டாவது பேஸில் ஆள் நிற்கும்போது ஹிட் பெரும்பாலும் அவரை ஹோம் பிளேட்டுக்குக் கொண்டுவந்து ஓட்டம் தரும், வாக் கொண்டுவராது.)

பொறுக்கி எடுப்பதும் தயங்கி நிற்பதும் வாக் எண்ணிக்கையில் ஒரே மாதிரித் தெரியும். பிரித்துக் காட்டுவது இன்னொரு எண்: கட்டத்துக்கு உள்ளே வரும் பந்துகளில் எத்தனைக்குப் பேட்டை வீசுகிறார்? வெளியே குறைவாக, உள்ளே தாராளமாக வீசினால் அது கண். இரண்டு இடத்திலும் குறைவு என்றால் அது பயம், அல்லது பயிற்றுநரின் கட்டளை. இரண்டு இடத்திலும் அதிகம் என்றால் பயேஸின் வழி. சந்தையில் மாம்பழம் பொறுக்குகிறவர் அழுகியதை ஒதுக்கினால் மட்டும் போதாது, நல்லதைக் கையில் எடுக்கவும் வேண்டும்.

அதோடு, வயதையும் நிலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இருபது வயதுப் பையன் இருபத்து நாலு வயதுப் பிட்சர்களுக்கு எதிராகத் துரத்தாமல் நின்றால் அது பெரிய செய்தி. அதே எண் தன்னைவிட இளையவர்களுக்கு எதிராக வந்தால் அவ்வளவு இல்லை. ஒரு வாரக் கணக்கை வைத்துத் தீர்ப்புச் சொல்லவும் கூடாது. ஆனால் ஒரு நல்ல சங்கதி: ஹிட் வருவதில் அதிர்ஷ்டத்துக்குப் பங்கு அதிகம், பந்து யார் கையுறைக்கு நேராகப் போகிறது என்பது பேட்டரின் வசத்தில் இல்லை. துரத்துவதா விடுவதா என்பது முழுக்க அவர் முடிவு. ஆகவே சராசரியைவிட இந்தக் குணம் சீக்கிரம் வெளிப்பட்டுவிடும். ஒரு பருவத்தில் கால்வாசி போனாலே ஓரளவு தெரியும்.

நடுவரின் பங்கையும் சேர்க்காமல் இந்தப் பேச்சு முடியாது. ஒரு விரல் அகலத்தில் வெளியே போன பந்தை சோட்டோ சரியாக விட்டாலும், நடுவர் ஸ்ட்ரைக் என்றால் ஸ்ட்ரைக்தான். தென்கொரியாவின் லீக் 2024இல் இந்த வேலையைக் கருவியிடமே ஒப்படைத்துவிட்டது. அமெரிக்கப் பெரிய லீக் 2026 பருவத்துக்கு எடுத்த வழி வேறு: நடுவரே சொல்வார், ஆனால் ஓர் அணிக்கு இரண்டு முறை முறையீடு செய்ய உரிமை உண்டு, முறையீடு சரியாக இருந்தால் அந்த உரிமை குறையாது. கேட்க வேண்டியவர் பேட்டர், பிட்சர், பேட்டருக்குப் பின்னால் பந்தைப் பிடிக்கும் கேட்சர் மூவரில் ஒருவர். உடனே தலையைத் தட்டிக் காட்ட வேண்டும், வெளியில் உட்கார்ந்திருக்கும் பயிற்றுநரைத் திரும்பிப் பார்க்கக் கூடாது. முறையீட்டைச் சரிபார்க்கும் கருவிக்குக் கட்டத்தின் மேற்கோடு பேட்டரின் உயரத்தில் 53.5 விழுக்காடு, அடிக்கோடு 27 விழுக்காடு. பேட்டரின் கண்ணுக்கு இது நேரடித் தேர்வு.

கோலாலம்பூரில் இருப்பவர்களுக்குப் பார்ப்பதற்கு ஒரு வசதி இருக்கிறது. கோடையில் நியூயார்க்குக்கும் நமக்கும் சரியாகப் பன்னிரண்டு மணி நேர வித்தியாசம். அங்கே இரவு ஏழு மணி ஆட்டம் இங்கே காலை ஏழு மணி. பிரிக்ஃபீல்ட்ஸில் தோசைக்குச் சொல்லிவிட்டுக் கைப்பேசியைச் சட்னிக் கிண்ணத்தில் சாய்த்து வைத்தால், தே தாரிக் ஆறுவதற்குள் ஒரு பேட்டரை முழுதாகப் பார்த்துவிடலாம். திரையில் ஸ்ட்ரைக் கட்டத்தைக் கோடு போட்டே காட்டுகிறார்கள். இரண்டு ஸ்ட்ரைக் விழுந்தபின் கீழே தாழ்ந்து போகும் பந்துக்கு அவர் தோள் திறக்கிறதா, பாதியில் நிற்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

எண்களைப் படிக்கும்போது ஒரு கழித்தல் பாக்கி. பேரி பாண்ட்ஸ் 2004இல் 232 வாக் வாங்கினார், விகிதம் .609, ஒரு பருவத்துக்கு இதுவே சாதனை. அந்த 232இல் 120 எதிரணி வேண்டுமென்றே கொடுத்தது. அடிக்க விட்டால் ஆபத்து என்று பயந்து, நடந்து போ என்று அனுப்பினார்கள். 2017லிருந்து அதற்குப் பந்து கூடப் போட வேண்டாம், மேலாளர் கை காட்டினால் போதும். அப்படி வந்த வாக்கில் பேட்டரின் கண்ணுக்கு வேலையே இல்லை. இளம் ஆட்டக்காரரின் பட்டியலில் அந்த வரி தனியாக இருக்கும். அதை மொத்தத்திலிருந்து எடுத்துவிட்டு மிச்சத்தைப் பாருங்கள்.